இனோபெத்ராவில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை

எங்கள் ஊருக்கு இனோபெத்ரா என்று பெயர். இனோவின் பாறை. இனோ யாரென்று கேட்டால் மூக்கு ஒழுகும் பிள்ளைகூடச் சொல்லும். புருஷனுக்குப் பைத்தியம் பிடித்து மூத்த பிள்ளையைக் கொன்றுபோட்டான். அடுத்ததைப் பிடுங்க வந்தபோது அவள் அதை இடுப்பில் வாரிக்கொண்டு ஓடினாள். ஓட இடமில்லாமல் போனதும் எங்கள் பாறையிலிருந்து கடலில் குதித்துவிட்டாள். கடல் அவளை விழுங்கவில்லை, தன்னோடு வைத்துக்கொண்டது. அன்றிலிருந்து அவள் வெள்ளையம்மா. கடலில் தத்தளிக்கிறவனுக்குத் தன் முக்காட்டைக் கொடுத்துக் கரையேற்றுகிறவள்.

பக்கத்து ஊர்களுக்கெல்லாம் அரசாங்கத்துக்காரர்கள் வந்து பழைய காலத்துப் பெயர் ஒன்றை ஒட்டிவிட்டுப் போனார்கள். எங்களுக்கு அந்த ஒட்டு வேலை தேவைப்படவில்லை. அதில் எங்கள் ஆண்களுக்குத் தலைகால் புரியாத கர்வம். காப்பிக்கடையில் உட்கார்ந்து, ஏதோ அவர்களே அவளைக் கைபிடித்துக் கடலில் இறக்கிவிட்ட மாதிரி பேசுவார்கள். ஒரு பெண் புருஷனுக்குப் பயந்து பிள்ளையோடு கடலில் விழுந்ததில் ஊருக்கு என்ன பெருமை என்று நான் ஒருமுறை கேட்டேன். என் வீட்டுக்காரர் சராந்திஸ் சிரித்துக்கொண்டே, "பேரை மாத்தி ஸ்தமாதா பாறைன்னு வெச்சிரலாமா? ஆனா நீ குதிக்க மாட்டியே, என்னையில்ல தள்ளிவிடுவ" என்றார். கடை முழுக்கச் சிரித்தது.

ஸ்தமாதா நான்தான். எங்கள் பக்கம் பெண்ணாகவே பிறந்துகொண்டிருந்தால், போதும், நிறுத்து என்று கடவுளுக்குச் சொல்வதற்காக இந்தப் பெயரை வைப்பார்கள். எனக்குப் பிறகும் இரண்டு பெண்கள் பிறந்தார்கள். நானும் பெயருக்கேற்றபடி ஓரிடத்தில் நின்றவள் இல்லை. காலில் சக்கரம் என்று மாமியார் சொல்வாள். காற்று மாறுகிற நாளில் அது இன்னும் மோசம். ஒரு வேலையும் ஓடாது, வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டே இருப்பேன்.

ஊரில் ஒரு வழக்கம் உண்டு. படகு திரும்பவில்லை என்றால் பெண்கள் எல்லாரும் வெள்ளைத் துணியால் தலையை மூடிக்கொண்டு பாறைக்குப் போவோம். கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, அந்தத் துணியைத் தோளுக்கு மேலாகப் பின்பக்கம் வீசுவோம். அப்புறம் வீடு வந்து சேரும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் வெள்ளையம்மா நீட்டிய கையை இழுத்துக்கொள்வாள். பாதிரியார் இதை அஞ்ஞானம் என்று ஞாயிறுதோறும் திட்டுவார். அவர் மனைவியும் எங்களோடு வருவாள்.

இதையெல்லாம் முன்னால் நின்று நடத்துகிறவள் என் நாத்தனார் கல்லிரோய். சராந்திஸின் தங்கை. அவள் புருஷன் நிகிதாஸ் ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாசி மாதக் காற்றில் போனவன், உடம்புகூடக் கிடைக்கவில்லை. அன்று நான் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தேன். ஆனால் ஊரே சொல்லும், கல்லிரோய் அன்று ஒரு பிசகும் செய்யவில்லை, துணியை வீசிவிட்டு நேராக நடந்து வந்தாள் என்று. அவள் ஒழுங்காகச் செய்தாள், வெள்ளையம்மாவின் சித்தம் வேறாக இருந்தது என்று ஊர் முடிவுகட்டியது. அவளுக்கு மிஞ்சியது அந்த ஒழுங்கு ஒன்றுதான். கறுப்புப் பாவாடையும் கறுப்புச் சட்டையுமாக வாழ்கிறாள். படகு தாமதமானால் மட்டும் பெட்டியைத் திறந்து வெள்ளைத் துணியை எடுப்பாள்.

அந்த வருஷம் ஊர்த் தலைவருக்கு ஓர் ஆசை வந்தது. பாறை முனையில் சலவைக்கல் நட்டு, இனோ இங்கேதான் குதித்தாள் என்று எழுதிவைக்க வேண்டும், ஏதன்ஸிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து திறக்க வேண்டும். பேராசிரியர் கரவியாஸ் முதல் நாளே வந்துவிட்டார். மெலிந்த மனிதர், நல்லவர், ஆனால் பேச ஆரம்பித்தால் யார் முகத்தையும் பார்க்க மாட்டார். சாயங்காலம் காப்பிக்கடையில் அவருக்கு ஆக்டோபஸ் சுட்டு வைத்தார்கள். நானும் தட்டு தூக்கினேன்.

பேச்சு வழக்கத்தைப் பற்றி வந்தது. தலைவர் பெருமையாக எங்கள் துணி வீசுகிற கதையைச் சொன்னார். பேராசிரியர் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். பழைய கதையில் அப்படி இல்லையே என்றார். கட்டுமரம் உடைந்து தவித்த ஒரு ராஜாவுக்கு வெள்ளையம்மா முக்காட்டைக் கொடுக்கிறாள். கரையேறியதும் அதைக் கடலிலேயே திருப்பிப் போட்டுவிடு, போடும்போது முகத்தைத் திருப்பிக்கொள் என்கிறாள். திரும்பிக்கொள்ள வேண்டியவன் பிழைத்து வந்தவன். காத்திருக்கிறவர்கள் இல்லை. எங்கேயோ, எந்தத் தலைமுறையிலோ உங்கள் ஊர் அதை மாற்றிப் பிடித்துக்கொண்டது என்றார். அவருக்கு அது ஒரு ருசியான விஷயம், அவ்வளவுதான்.

கடையில் இருந்தவர்கள் மரியாதைக்குத் தலையாட்டினார்கள். வெளியே வந்ததும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் காதுக்குள் கொசு போன மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் காலையில் கிணற்றடியில் கல்லிரோயைப் பார்த்தபோது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, ஆரம்பித்தேன். அவள் வாளியை இறக்காமலே, "அந்தாளு பேச்சை எங்கிட்ட கொண்டுவராத அண்ணி. புத்தகத்துல இருக்குற கடல்ல யாரும் நனையறதில்ல" என்றாள். நான் பாதியிலேயே விழுங்கிக்கொண்டேன்.

அன்றைக்குத்தான் கல் திறப்பு. விருந்தாளிகளுக்கு நல்ல மீன் வேண்டும் என்று தலைவர் சராந்திஸிடம் சொல்லியிருந்தார். வானம் எனக்குப் பிடிக்கவில்லை. தெற்கே அழுக்குத் தண்ணீர் மாதிரி ஒரு நிறம். போகாதே என்றேன். முனைக்கு அந்தப் பக்கம் போட்ட வலையை இழுத்துக்கொண்டு ரொட்டி சூடு ஆறுவதற்குள் வந்துவிடுவேன் என்றார் அவர். போகும்போது திரும்பி, "இந்தா புள்ள, இங்கேயும் அங்கேயும் நடந்து தரையைத் தேய்க்காத. போன மாசம்தான் சிமெண்டு போட்டேன்" என்றார்.

காற்று தென்கிழக்குக்கு மாறியபோது நான் ரொட்டியை அடுப்பிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். கதவு தானாகத் திறந்து சுவரில் அடித்தது. வாசலுக்கு ஓடிப் பார்த்தேன், கடல் வெள்ளையாகிக்கொண்டிருந்தது. ரொட்டி ஆறிக் கல்லானது. மற்றப் படகுகள் வந்துவிட்டன. சராந்திஸின் படகு வரவில்லை.

துறைக்கும் வீட்டுக்கும் எத்தனை தடவை நடந்தேன் என்று எனக்கே தெரியாது. காற்று அவரை வடக்கே தள்ளியிருக்கும் என்று கணக்குப் போட்டு இரண்டு படகுகள் வடக்கே தேடிப் போயின. திறப்பு விழாவை நிறுத்திவிட்டார்கள். விருந்தாளிகள் காப்பிக்கடைக்குள் ஒடுங்கினார்கள். தலைவர் என் கண்ணில் படாமல் சுற்றிப் போனார். பட்டிருந்தால் அன்று அவர் தலையில் முடி மிஞ்சியிருக்காது. என் மகள் பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வயது. அவளிடம் போய் ஒரு வார்த்தை சொல்லக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்போது கல்லிரோய் வந்தாள், தலையில் வெள்ளைத் துணியோடு. அவளுடைய அண்ணன் அல்லவா, முகம் மெழுகாக இருந்தது. என் தலையிலும் ஒரு துணியைப் போட்டு முடிச்சிட்டாள். "வா. அழுறதெல்லாம் அப்புறம்" என்றாள்.

பாறைக்குப் போகிற பாதையில் அந்தச் சலவைக்கல் குப்புறக் கிடந்தது. முனைக்கு இழுத்துக்கொண்டு போகும்போது காற்று வந்துவிட்டதால் அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். இழுத்த வடமும் உருட்டுக்கட்டைகளும் பக்கத்திலேயே கிடந்தன. நாங்கள் அதைத் தாண்டிப் போய், முனையில் வரிசையாகக் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றோம். அலை பாறையில் மோதித் தெறித்த தண்ணீர் எங்கள் முதுகை நனைத்தது. கல்லிரோய் சொன்னதும் எல்லாரும் துணியைப் பின்னால் வீசினோம். என் துணி காற்றில் திரும்பி வந்து முகத்திலேயே அப்பியது. மறுபடியும் எடுத்து வீசினேன். கல்லிரோய் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஊரைப் பார்த்து நடக்க ஆரம்பித்தோம்.

ஊர்ந்து போகிற மாதிரி இருந்தது எனக்கு. முதுகுக்குப் பின்னால் அவ்வளவு பெரிய கடல், அதற்குள் என் மனிதர், நான் வேலியோரக் கள்ளிச்செடியைப் பார்த்துக்கொண்டு நடக்கிறேன். பிழைத்து வந்தவன்தான் திரும்பிக்கொள்ள வேண்டும் என்று அந்த மெலிந்த மனிதர் சொன்னது காதுக்குள் குடைந்தது. வெள்ளையம்மாவே, நீ யாருக்கு என்ன சொன்னாய் என்று மனதுக்குள் அவளைக்கூட அதட்டினேன்.

சலவைக்கல்லைத் தாண்டும்போது அது கேட்டது. காற்றுக்கு நடுவில் ஒரு சத்தம். கடற்காக்கை கத்துவது மாதிரி, ஆனால் காக்கை இல்லை.

நான் நின்றேன். "உனக்குக் கேட்டுச்சா?" என்றேன்.

கல்லிரோய் என் மணிக்கட்டை இறுக்கினாள். அவள் குரல் அமைதியாக, ஏறக்குறைய அன்பாக இருந்தது.

"கேக்கும் அண்ணி. கேக்கத்தான் செய்யும். வெள்ளையம்மா கூப்பிட்டுச் சோதிப்பா. அவரு போன அன்னைக்கு எனக்கும் கேட்டுச்சு, பேரைச் சொல்லியே கூப்பிட்டுச்சு. நான் திரும்பலை. நீயும் திரும்பாத."

அவள் அதைப் பெருமையாகத்தான் சொன்னாள். சொன்னது முழுதாக என் மண்டையில் ஏறுவதற்குள் மறுபடியும் அந்தச் சத்தம். என் கையை அவளிடமிருந்து பிடுங்கினேன். அவள் நகம் கீறிய தழும்பு இன்னும் இருக்கிறது. திரும்பிப் பார்த்தேன்.

படகு கவிழ்ந்து, அதன் வயிறு மட்டும் மேலே தெரிந்தது. அதன்மேல் ஒரு மனிதர் ஒட்டிக்கொண்டிருந்தார். காற்று வடக்கே தள்ளவில்லை. முனையைச் சுற்றிவரும் நீரோட்டம் அவரைப் பாறைக்கு நேர் கீழே கொண்டுவந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவே அவரைத் தாண்டி வெளிக்கடலுக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். ஒரு கையைத் தூக்கினார். வாய் திறந்தது.

"சராந்திஸ்" என்று நான் போட்ட கூச்சலில் மலை ஆடு மிரண்டு ஓடியது என்று பிற்பாடு சொன்னார்கள். பெண்கள் நின்றார்கள். ஆனால் திரும்பவில்லை. வரிசையாக நனைந்த முதுகுகள். அவள் சோதனையில் விழுந்துவிட்டாள், நாமாவது விழாமல் இருப்போம் என்று நிற்கிற முதுகுகள். அந்த முதுகுகளை அன்று நான் வெறுத்த மாதிரி எதையும் வெறுத்ததில்லை.

"அது வெள்ளையம்மா இல்லடி. அது என் புருஷன். வந்து கயித்தைப் பிடிங்க" என்றேன்.

முதலில் திரும்பியது பாதிரியாரின் மனைவி. அவள் சிலுவை போட்டுக்கொண்டே ஓடிவந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்கள். வடத்தின் நுனியில் ஓர் உருட்டுக்கட்டையைக் கட்டினேன். முடிச்சுப் போடச் சொல்லித் தந்ததே அவர்தான், ஒழுங்காகப் போட மாட்டேன் என்று எப்போதும் திட்டுவார். பாறையின் கீழ்ப்படியில் இறங்கி, கட்டையை அவருக்கு மேலே, நீர் வருகிற பக்கமாக எறிந்தேன். முதல் தடவை எட்டவில்லை. இழுத்து மறுபடியும் எறிந்தேன். அலை அதைத் தூக்கி அவர் பக்கம் கொண்டுபோனது. படகை விட்டுவிட்டு அதைப் பிடிக்க வேண்டும். அவர் விடவில்லை. கை மரத்துப்போயிருக்கும், பயமும் இருந்திருக்கும்.

"யோவ், விடுய்யா படகை" என்று கத்தினேன். "வீட்டுல ரொட்டி கல்லாயிருச்சு, விடுய்யா."

விட்டார். ஒரு நொடி தண்ணீருக்குள் போனார். பிறகு வடம் கனத்தது.

இழுத்தோம். அலை ஒவ்வொன்றும் நாங்கள் இழுத்ததில் பாதியைத் திருப்பி வாங்கிக்கொண்டது. என் கால் வழுக்கியது. அப்போது வடத்தின் கடைசியில் ஒரு பெரிய பலம் சேர்ந்ததை உணர்ந்தேன். கல்லிரோய். அவள் கடலுக்கு முகம் திருப்பவில்லை. பின்புறமாகவே நடந்து பாறையில் இறங்கி வந்து, வடத்தைத் தோள்மேல் போட்டுக்கொண்டு, ஊரைப் பார்த்தபடி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, மாடு மாதிரி இழுத்தாள். ஒருமுறைகூடத் திரும்பாமல் அவள் தன் அண்ணனைக் கரையேற்றினாள்.

சராந்திஸ் பாறைமேல் விழுந்து உப்புத் தண்ணீராக வாந்தி எடுத்தார். நான் அவர் முதுகில் அடித்தேன். அடித்தது தண்ணீர் வெளியே வருவதற்கா, சொல்லியும் கேட்காமல் போனதற்கா என்று இப்போதும் தெரியாது. பேச வாய் வந்ததும், "எவ்வளவு நேரமாக் கத்துறேன். உங்க முதுகையெல்லாம் பாத்துக்கிட்டே கத்துனேன்" என்றார்.

அவர் குறையாகச் சொல்லவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, ஏதோ வேடிக்கை மாதிரி சொன்னார். கல்லிரோய் அப்போதும் எங்களுக்கு முதுகைக் காட்டியே நின்றுகொண்டிருந்தாள். அந்த முதுகு மெதுவாக விறைத்ததைப் பார்த்தேன்.

அதற்குள் ஊர் ஓடிவந்துவிட்டது. பேராசிரியர் தன் நல்ல கோட்டைக் கழற்றி சராந்திஸ்மேல் போர்த்தினார். அவர் கண் பளபளத்தது. ஒரு மனிதன் பிழைத்த சந்தோஷம்தான், ஆனால் அதோடு தன் பழைய கதை கண்முன்னே எழுந்து நடந்த சந்தோஷமும் இருந்தது. அந்த நல்ல மனிதரிடம் கல்லிரோய் நடந்து போனாள். கையில் வடம் உரித்த இடத்தில் ரத்தம்.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். காத்திருக்கிறவ திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு அந்தக் கதையில எங்கயாவது இருக்கா?"

நான் பேராசிரியரின் காலை மிதித்தேன். அழுத்தியே மிதித்தேன். அவர் என்னைப் பார்த்து மன்னிப்புக் கேட்பதுபோலச் சிரித்து, காலை நகர்த்திக்கொண்டார். அவருக்கு இவள் யாரென்று தெரியாது. நிகிதாஸ் என்று ஒருவன் இருந்ததே தெரியாது.

"இல்லம்மா, எங்கயுமே இல்ல. நேத்தே சொன்னேன், சிரிச்சாங்க. கரையேறினவன்தான் முகத்தைத் திருப்பிக்கணும். காத்திருக்கிறவங்க எவ்வளவு வேணும்னாலும் பாக்கலாம். பாக்கத்தானே வேணும்?"

"சரிங்க ஐயா" என்றாள் கல்லிரோய். பதில் சொன்னதற்கு நன்றி சொன்னாள். இரத்தக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, அண்ணனுக்குச் சூடாக ஏதாவது கொடுக்கச் சொன்னாள். வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். சாளரம் எல்லாம் மூடியிருந்தது. நான் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள், யாரையும் மூஞ்சிக்கு நேரே பேசுகிறவள். ஆனாலும் வழியெல்லாம் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு போனேன். அன்றைக்குக் காற்று வேறு, கடல் வேறு, நீ கேட்டது காக்கைதான், நிகிதாஸ் அப்போதே போயிருப்பான் என்று சொன்னேன். அவள் முழுதும் கேட்டாள். என் கைக்காயத்துக்கு எண்ணெய் தடவினாள்.

"காக்கா பேரு சொல்லாது அண்ணி" என்றாள்.

இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். நான் சும்மா உட்கார்ந்தது அன்று ஒருநாள்தான்.

இரண்டு நாள் கழித்துக் கடல் அடங்கியது. பிழைத்தவன் துணியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று பேராசிரியர் ஆசையாகக் கேட்டுக்கொண்டார், அதற்காகவே ஏதன்ஸுக்குப் போகாமல் தங்கியிருந்தார். சலவைக்கல்லையும் நிமிர்த்தி நட்டிருந்தார்கள். கதையில் உள்ளபடியே செய்வோம் என்று சராந்திஸ் முனையில் போய் நின்று, முகத்தை ஊர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, வெள்ளைத் துணியைப் பின்னால் வீசினார். அவர் ஒருவர் திரும்பினால் போதும் என்று பேராசிரியர் எல்லாருக்கும் விளக்கியிருந்தார். ஆனாலும் துணி கையை விட்டதும், உடம்பில் ஊறிய பழக்கம், ஊர் மொத்தமும் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டது. தலைவர், பாதிரியார், அவர் மனைவி. வெட்கம் என்னவென்றால் நானும்.

பிறகு எனக்கு உறைத்தது. கல்லிரோய் என் பக்கத்தில் இல்லை. திரும்பினேன். அவள் பாறையின் நுனியில், இனோ குதித்தாள் என்று எழுதிய கல்லுக்கும் அந்தப் பக்கம், கடலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். பாய்ந்து போய் அவள் பாவாடையை இரண்டு கையாலும் பிடித்தேன்.

அவள் குதிக்க நிற்கவில்லை. என்னைப் பார்க்கவுமில்லை. தலையை லேசாகச் சாய்த்து, அடுக்களையில் கைவேலையாக இருக்கும்போது வாசலில் புருஷன் கூப்பிட்டால் எப்படிக் கேட்பாளோ அப்படி, சாதாரணக் குரலில், கடலைப் பார்த்து,

"என்னங்க?" என்றாள்.